ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள நசீர்,

உன் மீது சாந்தி உண்டாகட்டும். தண்ணீர் உண்டாகாது. அதை நேற்றுக் காலை என் கையாலேயே நிறுத்திவிட்டேன்.

நம் வாசலில் பள்ளம் தோண்டி, வீட்டுக்குப் போகும் குழாயை அறுத்து, அதன் வாய்க்கு மூடி போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, இரண்டு காலாலும் மிதித்துச் சமன் செய்தவன் நான்தான். தெருவே கூடி நின்று பார்த்தது. உன் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நீ மட்டும் பார்க்கவில்லை. முந்தின நாளே கோபித்துக்கொண்டு பாண்டிச்சேரியில் லாட்ஜ் எடுத்துப் போய்விட்டாய். அங்கே குழாயைத் திருகினால் அருவி கொட்டும் என்று கேள்வி. நன்றாகக் குளி. வாசனை சோப்பு போட்டுக் குளி. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். உன் விருந்துக்குப் பிரியாணி சமைக்க இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆகவே கடிதம். இதை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறேன். திண்டிவனத்துச் சம்பந்தியை அந்தக் குழுவில் சேர்த்து நாளாயிற்று என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பின் மளிகைக் கடைப் பேரரசரும், எங்கள் ஊர்க் குடிநீர்க் குழுவின் தலைவரும், வால்வுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்குபவருமாகிய உன் அத்தா இதை முழு சுயநினைவோடு எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு மகனுக்கு அறிவுரை சொல்வது தகப்பன்களின் வழக்கம். என்னிடம் ஒரே ஒரு அறிவுரைதான் இருக்கிறது. தானாக ஓடும் எந்தச் சாமானையும் நம்பாதே. மற்றதெல்லாம் நம் ஊர்த் தண்ணீரின் வரலாறு. நீ துபாயில் இருந்த காலத்தில் பாதி நடந்தது. மீதியை நீ வசதியாக மறந்துவிட்டாய்.

நம் ஊர்க் கிணற்றை உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் தவறி விழுந்த தவளை கருவாடாகத்தான் மேலே வரும். ஒரு வாய் குடித்த காக்கை அனுமந்தை வரைக்கும் இருமிக்கொண்டே பறக்கும். சுற்றிலும் உப்பளம். மண்ணைத் தோண்டினால் உப்பு, முகத்தைத் துடைத்தால் உப்பு. நம் ஊர்ப் பெண்கள் பரம்பரை பரம்பரையாகக் குழம்பில் உப்புப் போட்டதே இல்லை. தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடும். உன் அம்மாவின் சிறுநீரகத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஏம்மா, இவ்ளோ கல்லு வச்சிருக்கீங்களே, வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். நீ மேல்மாடி கட்டியபோது அதிலிருந்து இரண்டு கூடை எடுத்திருக்கலாம்.

பிறகு அரசாங்கக் குழாய் வந்தது. பெரிய தொட்டி வந்தது, ரிப்பன் வந்தது, கத்தரிக்கோல் வந்தது, தண்ணீரும் வந்தது. மேல்தெருவில் முதல் வீட்டுக்காரன் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினான். அவன் உறிஞ்சுகிறானே என்று அடுத்த வீட்டுக்காரன் மாட்டினான். இரண்டு தெருவைத் தாண்டித் தண்ணீர் போகவே இல்லை. கடைசித் தெருவில் நட்ட குழாய்களில் ஆடு கட்டினார்கள். ஆட்டுக்கு வசதியான உயரம். அந்தத் தெரு ஏன் ஊரின் கடைசியில் இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் யார் என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தத் தெருவின் கடைசி வீடு செல்வியுடையது. உப்பளத்தில் உப்பு வாரும் கூலிக்காரி. அவள் வாய்க்குப் பயந்து கடலே கொஞ்சம் தள்ளித்தான் அலையடிக்கும். அவள் கணவன் முருகேசன் வெயிலில் உப்பு வாரி வாரி, குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் கெட்டு, முகமெல்லாம் ஊதிப்போய்ச் செத்தான். "நல்ல தண்ணி நிறைய குடிக்கணும்" என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நிலாவைக் கொஞ்சம் எட்டிப் பிடித்துக்கொண்டு வா என்று சொன்னது மாதிரி. நான் செய்தி அனுப்பியபோது நீ துபாயிலிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினாய். மஞ்சள் நிறக் கை.

அவனைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் ஊர் கூடி, இனிமேல் நம் குழாயை நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தது. பெருமுக்கல் போகும் வழியில் நல்ல தண்ணீர் ஊறும் இடம் பார்த்துப் போர் போட்டோம். அங்கிருந்து ஊர் வரைக்கும் குழாய். அவரவர் வீட்டு முன்னால் அவரவரே பள்ளம் தோண்ட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்று பேச்சு. வாழ்நாள் முழுக்கத் தராசைத் தவிர வேறெதையும் தூக்காத உன் அத்தா மண்வெட்டி பிடித்தேன். நான் தோண்டிய வேகத்தைப் பார்த்து மண்புழுக்கள் எனக்கு வழிகாட்டின. "பாய், பள்ளம் தோண்டுறீங்களா, தலை வாருறீங்களா?" என்று செல்வி கேட்டாள். நம் வாசலில் உன் பங்குக்கு வந்த நீளத்தையும் நானே தோண்டினேன். நீ வீடியோ காலில் வந்து, "நேரா தோண்டுங்க அத்தா" என்றாய்.

முதல் நாள் தண்ணீர் வந்தபோது நடந்த கூத்தைக் கேள். பாதி ஊர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. "சப்புனு இருக்குது, கெட்டுப்போன தண்ணி" என்றார்கள். அன்று எல்லார் வீட்டுக் குழம்பிலும் உப்பில்லை. எல்லார் வீட்டிலும் சண்டை. உப்பு விளைகிற ஊரில், சரித்திரத்தில் முதன்முறையாக என் கடைக்கு உப்பு கேட்டு ஆட்கள் வந்தார்கள். என்னிடம் ஸ்டாக் இல்லை. டீயில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துத்தான் நான் அந்த வாரத்தை ஓட்டினேன்.

தண்ணீர் வந்த அன்று மாலை ஊர்க் கூட்டத்தில் ஒரு சட்டம் செய்தோம். செய்தவன் நான். நாற்காலி மேல் ஏறி நின்று, மைக் இல்லாமலே கடலுக்குக் கேட்கும்படி முழங்கினேன். "குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சுறவன் எவனா இருந்தாலும் அவன் வீட்டு லைன வெட்டுவோம். அவன் கடைசித் தெருவுக்குப் போவணும். கடைசிக் குழாயில, கடைசி ஆளா நின்னு, தானே தலையில தூக்கிட்டு வரணும். அந்தத் தெரு போதும்னு சொல்ற வரைக்கும்!" கைதட்டல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "உங்க புள்ளயா இருந்தாலுமா பாய்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? "என் புள்ளயா இருந்தா குடத்த நானே வாங்கித் தர்றேன்" என்றேன். என்ன ஒரு சிரிப்பு.

இனி உன் பாகம். நீ வந்தாய், மாடி எழுப்பினாய், கீழே நீச்சல் பழகும் அளவுக்கு ஒரு தொட்டி கட்டினாய், மேலே குளியலறையில் கூரையிலிருந்து மழை பெய்ய வைத்தாய். கொஞ்ச நாளில் கடைசித் தெருவில் தண்ணீர் மெலிந்தது. நூலானது. பிறகு அதுவும் நின்றது. செல்வி கடைக்கு வந்தாள். நீ கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாய், எங்க தெருவுல தண்ணி வர்ல."

"குழாய திறந்தியா?"

"திறந்தா காத்துதான் வருது."

"காத்து ஃப்ரீதான். குடத்துல புடிச்சு வச்சுக்க."

கடையே சிரித்தது. நீயும் தலை நிமிராமல் சிரித்தாய். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே சிரித்த ஒரே ஆள் நீதான் என்பதை நினைத்தால், உன் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். செல்வி சிரிக்கவில்லை. "சரி பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டார் வேன் நிறைய வந்து இறங்கிய நாள். அன்று காலை செல்வி என்னிடம் வந்து, நம் மேல்தெருக் குழாயைக் கழுவப் போகிறோம், யாரும் மத்தியானம் வரைக்கும் குழாயைத் திறக்கக் கூடாது, சாவி வேண்டும் என்றாள். சம்பந்தி வருகிற அவசரத்தில் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, ராஜ்ஜியத்தையே தானம் செய்கிற தோரணையில் அவள் கையில் வைத்தேன். அவள் தெருப் பெண்கள் நம் தெருமுனைத் தொட்டியிலிருந்த நல்ல தண்ணீரைக் குடங்களில் பிடித்துவிட்டு, உப்பளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பி, வால்வைத் திறந்துவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் குழாய் மூடித்தான் இருந்தது. மூடிய குழாயில் தண்ணீர் நகராது. உப்பு தெருமுனையிலேயே நிற்கும். எந்த வீட்டிலாவது மோட்டார் உறிஞ்சினால் மட்டும் அந்த வீட்டுக்குப் போகும்.

நம் வீட்டிலோ வேன் நிறைய விருந்தாளி. கை கால் கழுவினார்கள், தொழுகைக்கு வுளு செய்தார்கள், உன் மழைக் குளியலறையைப் பார்த்து அதிசயித்து ஒவ்வொருவராக உள்ளே போய்த் திறந்து பார்த்தார்கள். தொட்டி வற்றியது. வற்றியதும் உன் மோட்டார் தானாக ஓடியது. ஆட்டோமேட்டிக் அல்லவா! அதற்கு ஊர் அறிவிப்பு காதில் விழாது.

டீ வந்தது. சம்பந்தி ஒரு வாய் குடித்தார். பெண்ணைப் பெற்றவர், மரியாதைக்காரர், துப்பவில்லை, கஷ்டப்பட்டு விழுங்கினார். "சம்பந்தி, உங்க பக்கம் டீயில உப்பு போடுறது வழக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். "ஆஹா! எத்தன நாள் ஆச்சு இப்பிடி ஒரு டீ குடிச்சு!" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கு பழைய உறவைக் கண்டு முதலில் கொண்டாடியது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதுதான், மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து வண்டு ரீங்காரமிடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உன்னைப் பார்த்தேன். நீ சமோசாத் தட்டைப் பார்த்தாய்.

வாசலில் செல்வி நின்றிருந்தாள். பின்னால் அவள் தெரு முழுக்க. ஒருத்தியும் உள்ளே வரவில்லை. "எங்க உப்பு எப்பிடி பாய் இருக்குது? டீக்கு சரியா இருக்குதா?" என்றாள். வேன் நிறைய வந்த சம்பந்தி ஜனம் அத்தனையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்ச் செருப்பு அலமாரியை நகர்த்தினேன், பின்னால் உன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன மறுநாள் நீ பேசியதை வார்த்தைக்கு வார்த்தை இங்கே எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும். "அத்தா, கல்யாணம் முடியற வரைக்கும் விடுங்க. அப்புறம் நானே கழட்டிடுறேன். அவங்களுக்கு இது என்ன புதுசா? காலங்காலமா தண்ணி இல்லாமத்தான இருந்தாங்க? செத்தா போய்ட்டாங்க?"

செத்துத்தான் போனான், நசீர். மஞ்சள் கை அனுப்பினாயே, அவன்தான். இதை நான் சொன்னதும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். உன் அம்மா, "ஏங்க, கல்யாண வீடுங்க. வெள்ளிக்கிழம தாண்டி வெட்டினா என்னங்க?" என்று அழுதாள். நானும் அன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கறிக்கடை யூசுப் ஒரு மோட்டார் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். டீக்கடை ரவி வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இருவரும் இரண்டு நாளாக என் கடைப்பக்கம் சும்மா சும்மா வந்து, "கல்யாண வேலை எப்பிடி மாமா போவுது?" என்று நலம் விசாரிக்கிறார்கள். உனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்தால், வியாழக்கிழமையே ஊர் முழுக்க ரீங்காரம் கேட்கும். கடைசித் தெருக் குழாய்களில் மறுபடி ஆடு கட்டுவார்கள். ஆகவே வெட்டினேன். உன் மோட்டாரைக் கழற்றி, மாலை போட்டு, பொட்டு வைத்து, குழு ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கிறேன். யூசுப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறான். அவன் நடையில் ஒரு பணிவு தெரிகிறது.

இன்று காலை குடத்தை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்கு நானே போனேன். கடைசி ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் குடம் நிரப்பிய வேகத்துக்கு, கடலையே கரண்டியால் மொண்டு வற்ற வைத்திருக்கலாம். ஒருத்தி குடத்தை மூன்று முறை கழுவினாள். இன்னொருத்தி நிரப்பிய குடத்தை நாய்க்கு ஊற்றிவிட்டுத் திரும்ப வந்து எனக்கு முன்னால் நின்றாள். "காத்து வேணும்னா முன்னாடி வந்து புடிச்சுக்கங்க பாய், அதுக்கு வரிசை இல்ல" என்றாள் செல்வி. தெரு சிரித்தது. சிரிப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. வெயிலில் நின்று கேட்டுக்கொண்டேன்.

என் முறை வந்ததும் அவள் குழாயில் கையை வைத்து மறித்தாள்.

"யாருக்கு பாய் தண்ணி?"

"வீட்டுக்கும்மா."

"உங்களுக்கும் அக்காவுக்கும் குடிக்கத் தர்றேன். அக்கா கல்லு வச்சிருக்கிறவங்க. கல்யாணத்துக்கு ஒரு சொட்டு தர மாட்டேன். உறிஞ்சினவன் வரட்டும்."

"மாப்பிள்ளம்மா அவன்..."

"அதனால என்ன? மாப்பிள்ளன்னா தலை இல்லையா, குடம் வைக்க?"

அரைக் குடம் பிடித்துக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு நான் நடந்ததை வழியெல்லாம் வீடியோ எடுத்தார்கள். நீயும் பார்த்திருப்பாய். தளும்பித் தளும்பி வீடு வரும்போது பாதிதான் இருந்தது. உன் அம்மா அதை மூடி வைத்திருக்கிறாள். குடிக்கவும் மாட்டேன் என்கிறாள், உன்னைத் திட்டவும் மாட்டேன் என்கிறாள்.

லாரித் தண்ணீர் வரவழைத்துவிடலாம் என்று உன் துபாய் மூளை கணக்குப் போடும். லாரி ஊருக்குள் நுழைந்தால் குறுக்கே படுக்க ஆள் தயார். முதலில் படுப்பவன் நான். அகலமான உடம்பு, தாண்டிப் போக முடியாது. கேன் தண்ணீர் இறக்கலாம் என்றால், இந்த வட்டாரத்துக் கேன் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் மாமன், மச்சான், இல்லாவிட்டால் சண்டைக்காரன். பிரியாணி மாஸ்டர் போன் செய்து, "பாய், தண்ணி எத்தன டிரம் ரெடி பண்றீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். புது நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் எடு.

சம்பந்தியும் பேசினார். பெண்ணின் அக்கா தங்கைகள் நேற்றெல்லாம் உப்பு டீயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெண் மட்டும், "அவர் தூக்குவாரா?" என்று ஒரு தடவை கேட்டாளாம். பதில் சொல்லத் தெரியாமல் என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது? நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பற்றி நான் ஊரில் சொன்னதெல்லாம் பெரும்பொய். நடக்கும் முன்பே ஓடினாய் என்றேன், துபாயே உன்னை நம்பி இருக்கிறது என்றேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் வாயில் வரவில்லை. தெரியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செல்வி வீட்டுக் குழாய் திறக்கும். அந்தத் தெரு முழுக்கப் பிடித்து முடித்த பிறகு உன் முறை. ஷெர்வானியில் வருகிறாயா, லுங்கியில் வருகிறாயா, அது உன் இஷ்டம். பிரியாணி டேக்சா நிரம்ப எத்தனை நடை ஆகும் என்று நீயே நடந்து பார்த்துக்கொள். வந்தால் நான் உன் பின்னால் நடப்பேன். தூக்க மாட்டேன், கீழே போட்டால் சிரிப்பேன்.

வராவிட்டாலும் நிக்காஹ் நடக்கும். அதை நான் நிறுத்தப் போவதில்லை. பந்தலில் விளக்கு எரியும், காலி டேக்சாக்கள் வரிசையாக இருக்கும், வேன் வேனாக ஜனம் வந்து இறங்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு, உன் பக்கத்தில் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏறும். சம்பந்திக்குத் தொண்டை வறளும். மரியாதைக்காரர், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார்.

நான் உன்னைக் கை காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அத்தா